யுபிஎஸ் வாங்கப் போகும் முன் ஒரு காரைக்குடிக் கணக்கு

செட்டிநாட்டுப் பக்கம் கரண்ட் போவது இரண்டு வகை. ஒன்று, முந்தின நாளே பேப்பரில் ஊர்ப் பெயர்களைப் போட்டுவிட்டு, காலையில் போய் சாயங்காலம் வரும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. இன்னொன்று, கோட்டையூரிலோ பள்ளத்தூரிலோ எங்கோ ஒரு கிளை கம்பியில் உரசி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நொடி போய்விட்டு வருவது. முதல் வகையைப் பார்த்து நாம் அலுத்துக்கொள்கிறோம். கணினியைக் கவிழ்ப்பது இரண்டாவது வகைதான். யுபிஎஸ், அதாவது கரண்ட் போனதும் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, ஒன்றே இரண்டையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கடைக்குப் போனால், காசு போகும், வேலை நடக்காது.

அந்த ஒரு நொடியை முதலில் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. கரண்ட் போனதை சாதாரண யுபிஎஸ் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சைத் தட்டி, பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி விநாடி ஆகும். அந்த இடைவெளியில் யுபிஎஸ் எதுவுமே தருவதில்லை. அப்படியானால் கணினி எப்படி அணையாமல் இருக்கிறது?

அதன் பவர் சப்ளைக்குள், கட்டைவிரல் தடிமனில், உருளையாக ஒரு மின்தேக்கி (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர்) இருக்கிறது. ஓரளவு நல்ல பவர் சப்ளையில் அது 330 மைக்ரோ ஃபாரட், 380 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 380-லிருந்து 300 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் அது சுமார் 9 ஜூல் ஆற்றலைக் கொடுக்கும். 450 வாட் இழுக்கும் கேமிங் கணினிக்கு அது 20 மில்லி விநாடிக்குத்தான் வரும். பில் போடவும் பாடம் நடத்தவும் வைத்திருக்கும் 100 வாட் கணினிக்கோ 90 மில்லி விநாடி வரும். முழுச் சுமையில் 16, 17 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பதுதான் கணினி பவர் சப்ளைகளுக்கு நெடுங்காலமாக இருந்த வழிகாட்டு அளவு. ஆக, இடைவெளியைத் தாண்டவைப்பது யுபிஎஸ் மட்டுமல்ல, பாதி வேலை கணினியின் சொந்தச் சரக்கு. கண்ட கண்ட பவர் சப்ளையைப் போட்டுவிட்டு விலை உயர்ந்த யுபிஎஸ் வாங்குவதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது வாங்கிய இன்வர்ட்டர் இங்கே பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதிலேயே கணினியை மாட்டலாமா? பல இன்வர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது எக்கோ. நார்மலில் மாறும் நேரம் 30, 40 மில்லி விநாடி வரை போகலாம். மின்விசிறிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் 10, 15 மில்லி விநாடிக்கு வந்துவிடும், எளிய கணினி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காலை முதல் சாயங்காலம் வரையிலான மின்தடைக்கு 150 ஆம்பியர் மணி ட்யூபுலர் பேட்டரி (நெடுநேரம் ஓடும் பெரிய பேட்டரி) வைத்த இன்வர்ட்டர்தான் சரி. சின்ன யுபிஎஸ்ஸை அதற்காக வாங்காதீர்கள்.

தனி யுபிஎஸ் என்றால் கடையில் மூன்று வகை சொல்வார்கள். ஆஃப்லைன் வகை, கரண்ட் இருக்கும்வரை உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும். ஆன்லைன் வகை எப்போதும் வரும் மின்சாரத்தை டி.சி.யாக்கி, திரும்ப ஏ.சி.யாக்கியே தரும், இடைவெளியே கிடையாது, ஆனால் விலை, சூடு, நாள் முழுக்க இரையும் ஃபேன். வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன். நடுவில் இருக்கும் லைன் இன்டராக்டிவ்தான் இந்த ஊருக்குப் பொருந்தும், காரணம் லோ வோல்டேஜ்.

இங்கே பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மீட்டர் முகப்பில் இருக்கும், கணினி இரண்டாம்கட்டு தாண்டி ஓர் அறையில் இருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டர் தூரம் என்றால், போக வர 100 மீட்டர், கம்பியின் தடை (ரெசிஸ்டன்ஸ்) சுமார் 1.2 ஓம். அதே கம்பியில் யாராவது 10 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரைப் போட்டால் 12 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கோடையில் தெரு முழுக்க ஏசி ஓடும் ராத்திரியில், ஏற்கெனவே இறங்கிய வோல்ட்டேஜிலிருந்து இதுவும் கழியும். லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், பேட்டரியைத் தொடாமலேயே வோல்ட்டேஜைத் தூக்கிவிடும். ராத்திரி ‘டக், டக்’ என்று கேட்பது அந்த ரிலே மாறும் சத்தம்தான். ஆஃப்லைன் பெட்டியோ அந்த நேரத்தில் சும்மா சும்மா பேட்டரிக்கு ஓடி, அதைத் தீர்த்துவிடும்.

அப்புறம் அலைவடிவம். விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது வளைவான சைன் அலைக்குப் பதில் படிப்படியான அலையைத் தரும். ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) என்று எழுதியிருக்கும் பவர் சப்ளைகளில் சில, இந்தப் படி அலைக்கு மாறும் கணத்தில் அணைந்துவிடும். உங்களுடையது அந்த வகை என்றால் சைன் அலை தரும் யுபிஎஸ்ஸாகப் பாருங்கள்.

“600 வி.ஏ. போதும்ணே, அரை மணி நேரம் நிக்கும்” என்பது கடையில் கேட்கும் வாடிக்கையான வசனம். வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு, 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல. இந்த அளவுப் பெட்டிகளில் பெரும்பாலும் 360 வாட்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி, 120 வாட் சுமைக்கு 42 நிமிடம் வர வேண்டும். வராது. அந்த 7 என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. யுபிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்தால் 120 வாட்டுக்கு பேட்டரி 12 ஆம்பியருக்கு மேல் தர வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் உறிஞ்சினால் புது பேட்டரியே கால் மணி நேரத்தில் கையை விரித்துவிடும். கோப்பைச் சேமித்து ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அது தாராளம்.

பேட்டரி என்றதும் இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நம்ம சிக்ரி, பேட்டரி வேதியியலில் வேலை செய்யும் இடம். ஈய அமில பேட்டரியில் நேர்த் தகட்டில் ஈய டை ஆக்ஸைடு, எதிர்த் தகட்டில் ஈயம், நடுவில் கந்தக அமிலம். கரண்ட் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன, சார்ஜ் ஏற்றினால் திரும்புகின்றன. தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் அந்த சல்ஃபேட் பெரிய படிகங்களாகக் கெட்டிப்பட்டு, திரும்ப மறுக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீட்டைத் திறப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய எதிரி சூடு. பேட்டரியின் ஆயுளை 25 டிகிரிக்குத்தான் குறிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. மாடியில் தகர ஷீட் போட்ட அறையில் வைத்த யுபிஎஸ்ஸும், கனத்த சுவருக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த கீழ் அறையில் வைத்த யுபிஎஸ்ஸும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் ஒரே நாளில் சாகாது.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணினியின் உலோகக் கூட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்சாரம், போக எர்த் இல்லாமல் கூட்டில் நிற்கிறது. எந்த யுபிஎஸ்ஸும் இதைச் சரிசெய்யாது. இங்குள்ள செம்புறாங்கல் மண்ணில் தண்ணீர் நிற்பதில்லை, கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது வெறும் சடங்கல்ல.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. உள்ளே இருக்கும் சூடேற்றி நினைத்தபோது 800 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

கடைசியாக ரௌட்டர். அது 12 வோல்ட்டில் 10 வாட்டுக்குள் ஓடும் பொருள். அதற்காக பேட்டரியை 230 வோல்ட்டாக்கி, அடாப்டர் திரும்ப 12 வோல்ட்டாக்குவது வீண். லித்தியம் செல் வைத்த சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்கள் உள்ளங்கை அளவில் கிடைக்கின்றன. 22 வாட் மணி செல்கள் இருந்தால் 8 வாட் ரௌட்டர் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஓடும். ரௌட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்து வாங்குங்கள். அதற்கும் முன், உங்கள் கேபிள்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அண்ணே, கரண்ட் போனா உங்க பக்கம் இருக்கிற பெட்டிக்கு பேட்டரி இருக்கா?” இல்லை என்றால் உங்கள் ரௌட்டரில் விளக்கு எரியும், இன்டர்நெட் வராது.