தகுதிகாண் சுற்று: நீர்ப்பந்தாட்டத்தை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

ஆண்கள் நீர்ப்பந்தின் (வாட்டர் போலோ) உலகப் போட்டி, ஐரோப்பியப் போட்டி, ஒலிம்பிக் என எதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தாலும் முதலில் இடறுவது 'குவாலிஃபையிங் ரவுண்ட்' என்ற தொடர்தான். நாளிதழ்களில் 'தகுதிச் சுற்று' என்று வருகிறது, 'தகுதிப் போட்டி' என்றும் வருகிறது. தொலைக்காட்சி வருணனையில் 'குவாலிஃபையர்' என்றே சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் இதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கலந்து கிடக்கின்றன, அவற்றைப் பிரித்தால்தான் செய்தி சரியாகப் புரியும்.

முதலில் ஆட்டத்தின் பெயரை முடித்துவிடுவோம். இமயத்தின் வடமேற்கே பால்ட்டிஸ்தானில் பேசப்படும் பால்ட்டி, திபெத்திய மொழிகளுக்கு உறவான மொழி. அதில் 'போலோ' என்றால் பந்து. குதிரைமேல் ஆடும் ஆட்டத்துக்கு அந்தப் பந்தின் பெயரே நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை இந்தியாவிலிருந்து தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1870களில் ஸ்காட்லாந்தின் வில்லியம் வில்சன் தண்ணீரில் ஆடும் பந்தாட்டத்துக்கு விதிகள் வகுத்தார். பின்னர் அதற்கு 'வாட்டர் போலோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர் அதை 'வாஸர்பால்' என்கிறார்கள், ஹங்கேரியர் 'வீஸிலாப்தா' என்கிறார்கள். இரண்டுக்கும் நேர்ப்பொருள் நீர்ப்பந்து. இத்தாலியரின் 'பல்லநுவோட்டோ'வில் பந்தோடு நீச்சல் சேர்ந்திருக்கிறது. கால்பந்து, கூடைப்பந்து என்று பழகிய நமக்கு நீர்ப்பந்து எந்தத் தயக்கமும் இல்லாமல் பொருந்துகிறது. 'நீர்ப் போலோ' என்று பாதியை மட்டும் மொழிபெயர்ப்பதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், தகுதிகாண் சுற்று. பெரிய போட்டியில் இடங்கள் குறைவு, ஆட விரும்பும் நாடுகள் அதிகம். அதனால் போட்டி தொடங்கும் முன்பே யார் உள்ளே வருவது என்பதை ஆடித் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்த முன்னாட்டங்களுக்குத்தான் இந்தப் பெயர். ஆனால் உள்ளே வரும் எல்லா அணியும் இவற்றை ஆடித்தான் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் நீர்ப்பந்தில் மொத்தம் 12 இடங்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் ஜப்பானுக்கு ஓர் இடம். 2019இல் உலக லீக்கை வென்ற செர்பியாவுக்கு ஒன்று. அதே ஆண்டு குவாங்ஜூவில் நடந்த உலகப் போட்டியின் இறுதிக்கு வந்த இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஒவ்வொன்று. கண்டங்களின் பெயரால் ஹங்கேரி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கஜகஸ்தான், தென்னாப்பிரிக்கா என ஐந்து நாடுகள். மிச்சம் இருந்தது மூன்றே இடம்.

அந்த மூன்றுக்காக நெதர்லாந்தின் ராட்டர்டாமில் தனியாக ஒரு போட்டி வைத்தார்கள். 2020 மார்ச்சில் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில் நடந்தது. மாண்டினீக்ரோ, கிரீஸ், குரோவேஷியா மூன்றும் தேறின. அப்படிக் கடைசி வாசல் வழியாக நுழைந்த கிரீஸ்தான் டோக்கியோவில் இறுதி ஆட்டம் வரை போய், செர்பியாவிடம் 13-10 என்று தோற்று, வெள்ளி வென்றது. கிரேக்க ஆண்கள் நீர்ப்பந்து அணியின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தகுதிகாண் சுற்றில் ஆட வேண்டி வந்த அணி என்றாலே வலுவற்ற அணி என்று எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 2016 ரியோவில் வெண்கலம் வென்ற இத்தாலியும் அதே ஆண்டு ஏப்ரலில் ட்ரியெஸ்ட்டே நகரில் நடந்த தகுதிகாண் போட்டியில் ஆடித்தான் ரியோவுக்குப் போனது.

சரி, ஆங்கிலச் சொல்லின் வேர் எங்கே இருக்கிறது? லத்தீனில் 'குவாலிஸ்' என்றால் 'எப்படிப்பட்டது' என்ற கேள்வி. அதோடு 'செய்' என்ற பொருளுள்ள 'ஃபாக்கெரே' சேர்ந்து, இடைக்கால லத்தீனில் 'குவாலிஃபிகாரே' ஆனது. இன்னதென்று பண்பைக் குறிப்பது என்று பொருள். 'குவாலிட்டி'க்கு மூலமான 'குவாலிட்டாஸ்' இதே வேரில் பிறந்தது. அதை உருவாக்கியவர் கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ. கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு லத்தீனில் நிகர் தேடியபோது அவர் செய்த சொல்லாக்கம் அது. கலைச்சொல் ஆக்கத்தைச் செயற்கை என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் விரும்பிச் சொல்லும் எடுத்துக்காட்டு இது. ஆங்கிலத்துக்கு வந்த பின் 'குவாலிஃபை' பல கிளைகள் விட்டது. இலக்கணத்தில் அடை கொடுப்பது, ஒரு கூற்றை வரையறைக்குள் நிறுத்துவது, ஒரு பதவிக்கு ஏற்றவராவது என்று விரிந்து, கடைசியில் விளையாட்டுக்கு வந்தது.

நம் 'தகுதி' எப்படிப்பட்ட சொல்? தகு, பகு, மிகு, தொகு என்ற வினைகளோடு 'தி' சேர்ந்து தகுதி, பகுதி, மிகுதி, தொகுதி வந்தன. தகவு, தகை, தக்கார் எல்லாம் தகுதியின் உடன்பிறப்புகள். பொருந்துவது, ஏற்றதாக இருப்பது என்பதே அடிப்படைப் பொருள். திருக்குறளில் இந்தச் சொல் இன்னும் ஆழமாக நிற்கிறது. 'தகுதி எனவொன்று நன்றே பகுதியால் பாற்பட்டு ஒழுகப் பெறின்' என்ற 111ஆம் குறளில் தகுதி என்றால் நடுவுநிலைமை. பொறையுடைமை அதிகாரத்தில் 'மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம் தகுதியான் வென்று விடல்' என்னும்போது அது பொறுமை. ஆக, பழைய தகுதி ஒருவருக்குள் இருக்கும் குணம். இன்றைய தகுதியோ, பெரும்பாலும் வெளியிலிருந்து ஒருவர் சோதித்துத் தரும் நிலை. சொல் இப்படி நகர்ந்திருப்பதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எலிஜிபிள்', 'குவாலிஃபைடு' என்று இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது, கலந்துகொள்ளத் தடையில்லை என்ற நிலை. இரண்டாவது, ஆடி வென்று இடம் பிடித்த நிலை. தமிழில் இரண்டுக்கும் தகுதி என்றே எழுதுகிறோம். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவருக்கு வேலை உறுதியாகிவிடாது, விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. அங்கே தகுதி முதல் பொருளில் நிற்கிறது. 'கிரீஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது' என்னும்போது இரண்டாம் பொருள். நீர்ப்பந்துச் செய்தியில் இரண்டையும் கலந்தால் வாசகர் குழம்பிப்போவார். உலக நீர்விளையாட்டு அமைப்பில் உறுப்பு நாடாக இருப்பது பங்கேற்கும் உரிமை தருகிறது, அவ்வளவுதான். இடம் கிடைப்பது வேறு கதை. அதனால் முதல் பொருளுக்கு 'பங்கேற்பு உரிமை' என்றும், இரண்டாவதற்கு 'தகுதி பெறுதல்' என்றும் வைத்துக்கொள்வது நல்லது.

இதே காரணத்தால் 'தகுதிச் சுற்று' என்பதைவிட 'தகுதிகாண் சுற்று' எனக்குப் பிடிக்கிறது. தகுதியைக் காண்பதற்கான சுற்று என்று செயலைச் சேர்த்தே அது சொல்கிறது. இலங்கைத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் 'தகுதிகாண் சுற்று', 'தகுதிகாண் போட்டி' என்பவை நெடுநாளாகப் புழங்கும் சொற்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை அரசு ஊழியர்கள் நன்கு அறிவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் வரும் 'தகுதிகாண் பருவம்' அவர்களுக்குப் பாடம். அங்கே ஆள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாரே, இங்கே அணி இன்னும் வெளியேதானே நிற்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் இரண்டு இடத்திலும் நடப்பது பார்த்து முடிவு செய்வதுதான் என்பதால் சொல் பொருந்துகிறது. 'தகுதிச் சுற்று' என்றே எழுத விரும்பினால் தவறில்லை, நடுவில் வரும் ச் மட்டும் விடுபடாமல் இருக்கட்டும்.

சுற்று என்ற பாதியிலும் கவனம் வேண்டும். குத்துச்சண்டையிலும் வாக்கு எண்ணிக்கையிலும் பழகிய சொல் அது. ஐரோப்பியப் போட்டிக்கான தகுதி ஆட்டங்களில் இரண்டு நாடுகளை இணையாக்கி, சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என ஆடவைத்து, இரண்டின் கோல்களையும் கூட்டி முடிவு செய்யும் முறை உண்டு. அதைச் சுற்று எனலாம். ராட்டர்டாமில் நடந்ததோ குழு ஆட்டம் முதல் இறுதி ஆட்டம் வரை கொண்ட முழுப் போட்டி. அதற்குத் 'தகுதிகாண் போட்டி' என்பதே சரி. பல சுற்றுகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'தகுதிகாண் கட்டம்' இருக்கிறது.

அடிக்கடி நேரும் இன்னொரு பிழை, 'பிரிலிமினரி ரவுண்ட்' என்பதையும் தகுதிச் சுற்று என்று மொழிபெயர்ப்பது. லத்தீனில் 'லீமென்' என்றால் வாசற்படி. 'பிரிலிமினரி' வாசற்படிக்கு முந்தியது, 'எலிமினேட்' வாசற்படிக்கு வெளியே தள்ளுவது. வேர்ப்பொருள் அப்படியிருக்க, நீர்ப்பந்தில் பிரிலிமினரி ரவுண்ட் என்பது வாசலைத் தாண்டி உள்ளே வந்த அணிகள் குழுவாகப் பிரிந்து ஆடும் முதல் கட்டம். அதைக் 'குழுச் சுற்று' அல்லது 'முதல் சுற்று' என்று எழுதினால் குழப்பம் தீரும். 'எலிமினேஷன்' என்பதற்கு வெளியேற்றம் என்று போடும்போதும் ஒரு தடங்கல் வரும். நீர்ப்பந்தில் தவறு செய்த வீரரைச் சில நொடிகள் களத்திலிருந்து விலக்குவது ஒவ்வோர் ஆட்டத்திலும் நடப்பது, அதற்கும் வெளியேற்றம் என்றே எழுதுகிறோம். வீரருக்குத் 'தற்காலிக வெளியேற்றம்', அணிக்கு 'நாக் அவுட்' என்று நான் பிரித்துக்கொள்கிறேன். மல்யுத்தத்தில் நாம் கேள்விப்படும் 'ரெப்பசாஜ்' வேறு வகை. தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு தருவது அது. பிரெஞ்சு மொழியில் அதற்குத் திரும்ப மீன்பிடித்து எடுப்பது என்று பொருள். 'மறுவாய்ப்புச் சுற்று' அதற்குப் போதும்.

எல்லா நேரமும் தனியாக ஒரு தகுதிகாண் போட்டி இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பாரிஸ் 2024க்கு அப்படி ஒன்று வைக்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியே மிச்சமிருந்த இடங்களையும் முடிவு செய்தது. அதை எழுதும்போது 'தோஹா தகுதிச் சுற்று' என்றால் உலகப் போட்டியைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். 'உலகப் போட்டி ஒலிம்பிக்குக்கான தகுதிகாண் போட்டியாகவும் அமைந்தது' என்றால் இரண்டும் வந்துவிடுகின்றன. அங்கே பட்டம் வென்ற குரோவேஷியாவும், தோஹா வழியாகவே இடம் பிடித்த செர்பியாவும் பாரிஸின் இறுதி ஆட்டத்தில் மோதின. செர்பியா 13-11 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தது.