பொதுமன்னிப்புச் சட்டம் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

"அரசாங்கமே மன்னித்துச் சட்டம் போட்டுவிட்டால், அப்புறம் எங்கே போய் முறையிடுவது?" மனித உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களிடம் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. நான் பதிலாகச் சொல்வது பெரு நாட்டின் பாரியோஸ் ஆல்டோஸ் வழக்கை.

1991 நவம்பர் 3 இரவு, லிமாவின் பாரியோஸ் ஆல்டோஸ் பகுதியில் வீட்டுப் பழுதுபார்ப்புக்கு நிதி திரட்ட ஒரு விருந்து நடந்தது. ராணுவ உளவுப் பிரிவின் 'கொலீனா' குழு உள்ளே புகுந்து சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவனுக்கு எட்டு வயதுதான். மேலும் நான்கு பேர் படுகாயமடைந்தார்கள்.

1995இல் நீதிபதி அன்டோனியா சாகிகுராய் விசாரணையைத் தொடங்கினார். ஜூன் மாதம் அதிபர் ஃபுஜிமோரியின் ஆட்சி பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அது தன் முன் உள்ள வழக்குக்குச் செல்லாது என்று அவர் துணிந்து உத்தரவிட்டார். சில நாட்களிலேயே இரண்டாவது சட்டம் வந்தது: மன்னிப்பை எந்த நீதிபதியும் ஆராயக் கூடாது! ஜூலையில் லிமா மேல்நீதிமன்றம் வழக்கை மூடியது.

அதற்கு முன்பே, ஜூன் 30 அன்று, பெருவின் மனித உரிமை அமைப்புகள், வட, தென் அமெரிக்க நாடுகளுக்கான பிராந்திய மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டன. அந்தப் பிராந்திய ஏற்பாட்டில் ஆணையத்தோடு ஒரு மனித உரிமை நீதிமன்றமும் உண்டு. தனிநபர் நேரே அந்த நீதிமன்றத்துக்குப் போக முடியாது, ஆணையம்தான் வழக்கைக் கொண்டுபோக வேண்டும். உள்நாட்டு வழிகளை முதலில் முயன்று தீர்க்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் சட்டமே அந்த வழியை அடைக்கும்போது விதிவிலக்கு உண்டு. இங்கேதான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். கதவு அடைபட்டதைக் காட்டும் ஒவ்வொரு உத்தரவும் நமக்குச் சான்று. அதனால் புகார் நகல், மறுப்புக் கடிதம், தள்ளுபடி உத்தரவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

2001 மார்ச் 14 அன்று கோஸ்டா ரிகாவிலுள்ள அந்தப் பிராந்திய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி முன் கேட்கப்படும் உரிமையையும் பயனுள்ள நிவாரணம் பெறும் உரிமையையும் பறிப்பதால், அந்தச் சட்டங்களுக்குச் சட்ட வலுவே இல்லை என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், இது இந்த வழக்குக்கு மட்டுமல்ல, அந்தச் சட்டங்கள் குறுக்கிடும் எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் என்றும் விளக்கியது. ஃபுஜிமோரி ஆட்சி வீழ்ந்து, புதிய அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டதும் இதற்கு உதவியது. 2009இல் இந்தக் கொலைகளுக்கும் சேர்த்து ஃபுஜிமோரிக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஆசியாவில் இப்படியொரு பிராந்திய நீதிமன்றம் இல்லை. இந்தத் தீர்ப்பை நம் நீதிமன்றங்களில் வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம், அவற்றை அது கட்டுப்படுத்தாது. இந்தக் குறை தீர வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்டாக வேண்டும்.

பெருவிலும் போராட்டம் ஓயவில்லை. 2025 ஆகஸ்டில், 1980 முதல் 2000 வரையிலான குற்றங்களுக்காக ராணுவத்தினரையும் போலீஸாரையும் மன்னிக்கும் புதிய சட்டம் அங்கே வந்திருக்கிறது. குடும்பங்களின் வழக்கறிஞர்கள் 2001 தீர்ப்பை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள்.