படிவம் 4-இல் தொழில்கல்வி: பெயர் ஒன்று, வழி மூன்று

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராயில் ஒரு பெற்றோர் "மகனுக்கு வொக்கேஷனல் கிடைச்சிருக்கு" என்று சொன்னால், "எந்த வொக்கேஷனல்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஊரில் அந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளைச் சொல்கிறார்கள். மூன்றும் கல்வி அமைச்சின் கீழ் வருபவை, மூன்றிலும் பட்டறை வேலை உண்டு. ஆனால் முடிக்கும்போது கையில் கிடைக்கும் சான்றிதழ் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, படிவம் 5 முடிந்தபின் "ஏன் இதை வைத்து அங்கே போக முடியவில்லை" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

முதலாவது எம்பிவி, அதாவது மாத்தா பெலாஜாரான் வொக்காசியோனால். சாதாரண இடைநிலைப்பள்ளியில், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கு எடுக்கும் பாடங்களில் இது ஒரு விருப்பப்பாடம், அவ்வளவுதான். 2002-இல் தொடங்கியது. வீட்டு வயரிங், வீட்டுக் குழாய் வேலை, மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு, ஆர்க் மற்றும் கேஸ் வெல்டிங், ஏர்கோன் சர்வீஸ், தையல், கேட்டரிங், முக அழகும் சிகையலங்காரமும், குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, தோட்டக்கலை நர்சரி என 22 பாடங்கள் இந்த வரிசையில் உள்ளன. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. பட்டறையும் ஆசிரியரும் எதற்கு இருக்கிறார்களோ அதுதான் நடக்கும். இதன் மதிப்பெண் எஸ்பிஎம் சான்றிதழில் ஒரு வரியாக வரும். தனித் திறன் சான்றிதழ் கிடையாது.

இரண்டாவது பிவிஎம்ஏ, புரோகிராம் வொக்காசியோனால் மெனெங்ஙா அத்தாஸ். இதுவும் சாதாரணப் பள்ளியில்தான் நடக்கிறது, ஆனால் தெரிவுசெய்யப்பட்ட பள்ளிகளில் மட்டும். மாணவர் மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி போன்ற அடிப்படைப் பாடங்களை எஸ்பிஎம்முக்குப் படிப்பார். மீதி நேரம் முழுக்கப் பட்டறையில். முடிவில் எஸ்பிஎம், கூடவே எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் விக்டோரியா, ஹென்ரியெட்டா போன்ற தோட்டங்களின் பக்கம் இருக்கும் குடும்பங்களுக்கு இது வசதியானது. பள்ளி பஸ் செலவைத் தவிரப் பெரிய சுமை வராது.

மூன்றாவது கேவி, கோலேஜ் வொக்காசியோனால். பழைய தொழிற்பள்ளிகளைக் கல்லூரிகளாக மாற்றி 2012-இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே மற்றவற்றுக்கும் விரிவாக்கினார்கள். இங்கே சேர்பவர் எஸ்பிஎம் எழுத மாட்டார். முதல் 2 ஆண்டு, அதாவது 4 பருவம், எஸ்விஎம் என்ற மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழுக்கு. அதில் தேறினால் இன்னும் 4 பருவம் டிவிஎம் என்ற தொழிற்கல்வி டிப்ளோமாவுக்கு. டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தை நிறுவனத்தில் வேலைப் பயிற்சியாகச் செய்கிறார்கள். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் கூலிம் தொழிற்கல்லூரி இருக்கிறது. கூலிம் ஹைடெக் பார்க்கின் தொழிற்சாலைகளுக்கு நம் ஊரிலிருந்து ஷிப்ட் பஸ் ஏறுபவர்களுக்கு, டெக்னீஷியன் வேலைக்கும் ஆபரேட்டர் வேலைக்கும் நடுவே இருக்கும் சம்பள இடைவெளியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எஸ்கேஎம் என்றால் என்ன

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. எஸ்கேஎம்மை வழங்குவது கல்வி அமைச்சு அல்ல, மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. 1, 2, 3 என மூன்று கட்டங்கள் சான்றிதழ். 4-ஆவது கட்டம் திறன் டிப்ளோமா, 5-ஆவது மேல்நிலை டிப்ளோமா.

ஒவ்வொரு தொழிலுக்கும் நோஸ் எனப்படும் தேசியத் தொழில்திறன் தரநிலை ஒன்று எழுதப்பட்டிருக்கும். அது வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன தெரிய வேண்டும், என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சொல்கிறது. மதிப்பீட்டில் செய்முறைக்கு 70 விழுக்காடு, அறிவுக்கு 30. ஒவ்வொரு துண்டிலும் "தெராம்பில்", அதாவது தேர்ச்சி பெற்றவர், என்று வர வேண்டும். எட்டில் ஏழு நன்றாக வந்து ஒன்று "பெலும் தெராம்பில்" என்று நின்றுவிட்டால் முழுச் சான்றிதழ் வராது. தேறிய துண்டுகளுக்கு மட்டும் அடைவுநிலை அறிக்கை ஒன்று தருவார்கள். சராசரி எடுத்துத் தப்பிக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

மதிப்பிடுபவர் பட்டறை ஆசிரியர். அவர் மதிப்பிட்டதைப் பள்ளிக்குள்ளேயே இன்னொருவர் சரிபார்ப்பார். பிறகு வெளியிலிருந்து பெபெஎல் எனப்படும் சரிபார்ப்பு அதிகாரி வருவார். அவர் உங்கள் மகன் வெல்டிங் செய்வதை நின்று பார்க்கப் போவதில்லை. பெரும்பாலும் கோப்பைத்தான் பார்ப்பார். அதனால்தான் கை வேலையில் கெட்டிக்காரப் பையன்கள் சிலர் சான்றிதழ் இல்லாமல் நிற்கிறார்கள்: வேலைக் குறிப்பேட்டில் தேதி இல்லை, ஆசிரியர் கையெழுத்து விடுபட்டிருக்கிறது, செய்த பொருளின் படம் ஒட்டப்படவில்லை, பணித்தாள் தொலைந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து நிரப்பிய பக்கங்கள் பார்த்த உடனே தெரியும், எல்லாம் ஒரே பேனா மையில் இருக்கும். வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரப் பக்கத்தை முடிக்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் உண்மையில் என்ன நடக்கும்

வீட்டு வயரிங்கை எடுத்துக்கொள்வோம். தொடக்கப் பயிற்சி ஒன்று இப்படி இருக்கும்: பலகையில் மின்சாரத்தைச் சுற்றுகளுக்குப் பிரித்துவிடும் ஒரு டிபி பெட்டி, அதிலிருந்து ஒரு விளக்குச் சுற்று, மாடிப்படிக்கு இரண்டு இடத்திலிருந்து அணைக்கும் விளக்கு, 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் எம்சிபி 6 ஆம்பியரில். பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 20 ஆம்பியர் எம்சிபி. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களின் பிளக் சுற்றுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர். இந்த எண்கள் மனப்பாடத்துக்காக இல்லை, தவறினால் ஆள் போய்விடுவான் என்பதற்காக.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. சுவிட்சை லைவ் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டுவிடுவது முதலாவது. விளக்கு எரியும், அணையும், எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் அணைத்தபிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும், பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு அதிர்ச்சி. லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் துருவச் சோதனை செய்தால் மட்டுமே இது பிடிபடும். எரிகிறதே என்று சோதனையைத் தாவுகிறவர் இங்கேயே மாட்டிக்கொள்வார். இரண்டாவது, மாடிப்படி விளக்கில் பொது முனையத்தை மற்ற முனையத்தோடு மாற்றிவிடுவது. அப்போது ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட நிலையில் இருந்தால்தான் மற்றது வேலை செய்யும். மூன்றாவது, ஆர்சிசிபிக்குப் பின்னால் வரும் நியூட்ரலை அதற்கு வெளியே உள்ள சுற்றின் நியூட்ரலோடு சேர்த்துவிடுவது. சாமானைப் போட்டவுடன் ட்ரிப் ஆகும், மாணவர் ஆர்சிசிபி கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று கேட்பார்.

வயரின் காப்புறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் காப்புத் தடைச் சோதனையில், 500 வோல்ட் மெகர் என்ற அளவுக்கருவி வைத்து அளக்கும்போது 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கேபிளைக் குற்றம் சொல்லும் முன் பல்புகளைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். சுவிட்சுகளை ஆன் நிலையில் வைக்காவிட்டால் சுற்று முழுவதும் சோதனைக்கு வராது. பாதிச் சோதனைகள் இந்த இரண்டிலேயே கெடும்.

வெல்டிங்கிலும் இதே கதைதான். 3.2 மில்லிமீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர் வரை. கரண்டைக் கூட்டி, குச்சியைத் தூரப் பிடித்தால் இணைப்பின் ஓரம் அரித்துப் பள்ளம் விழும். முதல் ஓட்டத்தின் கசடைச் சுத்தியலால் தட்டிப் பிரஷ் போடாமல் அடுத்ததை ஏற்றினால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேலே பார்க்க அழகாக இருக்கும், வளைத்துப் பார்த்தால் விட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை: எஸ்கேஎம் வாங்கியவுடன் வீடு வீடாகப் போய் வயரிங் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழும் பதிவும் தனியாக வேண்டும்.

கேவி கணக்கு

தொழிற்கல்லூரியில் ஒரே கடைசித் தேர்வு கிடையாது, ஒவ்வொரு பருவமும் எண்ணப்படும். தொழில் பாடங்களில் தொடர் மதிப்பீட்டுக்கு 70 விழுக்காடு, பருவ இறுதிக்கு 30. கல்விப் பாடங்களில் அது தலைகீழ். டிப்ளோமாவுக்குத் தொடர, கல்விப் பாடங்களின் திரள் புள்ளி (எல்லாப் பருவங்களையும் சேர்த்த சராசரி) 2.00, தொழில் பாடங்களின் திரள் புள்ளி 2.67 குறையாமல் இருக்க வேண்டும். எல்லாத் தொழில் மாடியூல்களிலும் தேர்ச்சியும், 1104 என்ற குறியீட்டு எண்ணுள்ள மலாய்மொழித் தாளில் தேர்ச்சியும் வேண்டும். வரலாற்றுத் தாளின் எண் 1251. இந்த இரண்டு தாள்கள்தான் பட்டறைப் பிள்ளைகளைக் கவிழ்ப்பவை. வெல்டிங்கில் கெட்டிக்காரர் ஒருவர் மலாய்க் கட்டுரையில் விழுந்து டிப்ளோமா இழக்கலாம். எஸ்பிஎம்மிலும் மலாயும் வரலாறும் கட்டாயத் தேர்ச்சிதான், ஆகவே பட்டறைக்குப் போவதால் இவை இரண்டிலிருந்தும் விடுதலை என்ற கணக்கு எந்த வழியிலும் சரிவராது.

எஸ்விஎம்மில் தமிழ் பாடமாக இல்லை. பிவிஎம்ஏ, எம்பிவி இரண்டும் எஸ்பிஎம் என்பதால் 6354 எண்ணுள்ள தமிழ்மொழியைக் கூடுதலாக எடுக்க இடம் உண்டு. பள்ளியில் தாய்மொழி வகுப்பு இருக்கிறதா, பட்டறை நேரத்தோடு மோதுகிறதா என்பதை முன்னரே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பட்டதாரி ஆக முடியாது என்பது பழைய பேச்சு. டிவிஎம் முடித்தவர்களை உத்தேம், யுதிஎச்எம், யுனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் எடுக்கின்றன. ஆனால் படிவம் 6-இல் எஸ்டிபிஎம் அறிவியல் பிரிவு, அறிவியல் மெட்ரிகுலேஷன், மருத்துவம் என்று கனவு இருந்தால் இது அதற்கான வழி அல்ல. கூடுதல் கணிதமும் வேதியியலும் இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

விண்ணப்பமும் தாள்களும்

படிவம் 3 மாணவர்கள் எழுதிய பிடி3 தேர்வு 2022-இல் நிறுத்தப்பட்டபிறகு, படிவம் 3-இன் பள்ளி மதிப்பீடும் நேர்காணலும் முக்கியம் ஆகிவிட்டன. கேவி விண்ணப்பம் கல்வி அமைச்சின் இணையதளம் வழியாக, படிவம் 3-இல் இருக்கும்போதே. பிவிஎம்ஏவுக்குப் பள்ளிதான் வாசல்: ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன பழைய மாதங்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நேர்காணல் மலாயில். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை தெரிந்தும் பெயர் தெரியாமல் தடுமாறுவது இங்கேதான். வீட்டில் "திருப்புளி" என்பது அங்கே "பெமுத்தார் ஸ்குரு", குறடு "பிளாயார்", ஸ்பேனர் "செபானா". விரும்பும் துறையில் பத்துச் சாமான்களின் மலாய்ப் பெயரும், எதற்குப் பயன்படும் என்று ஒரு வாக்கியமும் சொல்லத் தெரிந்தால் போதும். மின்சாரம், மின்னணுத் துறைகளுக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது. இதை முன்பே கிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தபின் தெரிந்து துறை மாறினால் ஒரு பருவம் வீண்.

தோட்டப்புறத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: பெற்றோர் திருமணம் பதிவாகாமல், பிறப்புச் சான்றிதழில் குடியுரிமை இல்லாத பிள்ளைகள். கேவிக்கு மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். 12 வயதில் மைகார்ட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதே இது வெளிப்படும். அப்போதே தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்துவிட வேண்டும். படிவம் 3-இல் வந்து ஓடினால் இடம் போய்விடும், பதிவிலாகாவின் பதில் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இடம் கிடைக்காதவர்களுக்கு எஸ்பிஎம்முக்குப் பிறகும் கதவுகள் உண்டு. கூலிமிலேயே சமூகக் கல்லூரி, துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக், மனிதவளத் துறையின் அட்டெக் பயிற்சி மையம் ஆகியவை இருக்கின்றன. எஸ்கேஎம் பயிற்சிக்குக் கடன் கொடுக்க பிடிபிகே நிதி இருக்கிறது. பள்ளியிலேயே 2-ஆவது கட்டம் முடித்தவர் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சான்றிதழை மட்டுமல்ல, வேலைக் குறிப்பேட்டையும் பணித்தாள்களையும் போட்டோஸ்டாட் எடுத்து ஒரு பைலில் வையுங்கள், சேரும் இடத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.