சொல் விளக்கம்: ஜீப் – கரட்டூர்தி

தேசிய சேவைக்காகச் சிங்கப்பூர்ப் படையில் இருந்த காலத்தில் எங்கள் பிரிவில் லேண்ட் ரோவரை வெறும் ‘ரோவர்’ என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா, “ஜீப்பைத்தானேடா சொல்ற?” என்பார். பிறகு படைக்கு மெர்சிடிஸ் பென்ஸின் ஜி வகை வண்டிகள் வந்தன. அவையும் அம்மாவுக்கு ஜீப்தான். தஞ்சாவூரில் மாமா ஓட்டிய மகிந்திராவும் ஜீப்தான்.

அம்மா சொன்னதில் பிழை ஏதும் கிடையாது. சதுர முகம், உயர்ந்த சக்கரம், துணிக்கூரை, முதுகில் தொங்கும் ஒரு டயர் என்று எது வந்தாலும் தமிழர் வாயில் அது ஜீப். ஆனால் அமெரிக்காவில் ‘ஜீப்’ 1950 முதல் பதிவு பெற்ற வணிகக்குறி. லேண்ட் ரோவர் வைத்திருப்பவரிடம் போய் “உங்கள் ஜீப் அருமை” என்று சொன்னால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: அந்த ஒரு வண்டிக்கு ஒன்று, அதன் இனம் முழுவதற்கும் ஒன்று.

முதலில் ஜீப் என்ற பெயர். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓலை அனுப்பியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற, எடை குறைந்த வேவு வண்டி வேண்டும். முதல் வண்டி 49 நாளில் வந்துவிட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் செய்து முடித்தது பென்சில்வேனியாவில் இருந்த பாண்டம் என்ற சின்ன நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த அந்த வண்டி செப்டம்பர் 23ஆம் தேதி ராணுவத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவ்வளவு பெரிய உற்பத்தியைப் பாண்டம் தாங்காது என்று கருதிய ராணுவம், வரைபடங்களை வில்லிஸிடமும் ஃபோர்டிடமும் காட்டியது. போர் முடிவதற்குள் அந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 640,000க்கு மேல் செய்து தள்ளின. முதலில் செய்தவனுக்குப் பெயரும் நிற்கவில்லை, பணமும் சேரவில்லை. எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

ராணுவத் தாள்களில் அதன் பெயர் ‘கால் டன் லாரி, 4×4’. ஜீப் என்பது சிப்பாய்கள் வைத்த பெயர். ‘ஜெனரல் பர்ப்பஸ்’, அதாவது பொதுப் பயன் என்பதன் முதலெழுத்துகளான ஜி, பி இரண்டும் சேர்ந்து ஜீப் ஆனது என்றுதான் பலரும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஃபோர்டின் குறியீட்டில் ஜி என்பது அரசு வண்டி. பி என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம் கொண்ட வேவு வண்டி. பொதுப் பயன் அங்கே எங்கும் வரவில்லை. அதோடு இந்த வண்டி வருவதற்கு முன்பே அமெரிக்கப் பட்டறைச் சிப்பாய்கள் புதிய ஆளையும் சோதித்துப் பார்க்காத புதிய வண்டியையும் ‘ஜீப்’ என்று அழைத்து வந்தார்கள். 1936இல் பொப்பாய் சித்திரக்கதையில் யூஜின் என்ற ஒரு மாய விலங்கும் வந்தது. சுவரைத் துளைத்துப் போகும், எங்கு வேண்டுமானாலும் தோன்றும், வாயைத் திறந்தால் “ஜீப்” என்று மட்டும் சொல்லும். (அதற்கு உணவு ஆர்க்கிட் பூ. நம் ஊரில் பசியாறியிருக்கும்!) எங்கும் போகிற வண்டிக்கு எங்கும் போகிற விலங்கின் பெயர் ஒட்டிக்கொள்வது இயல்புதானே. 1941 பிப்ரவரியில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் வில்லிஸ் ஓட்டுநர் ஒருவர் வண்டியை ஏற்றிக் காட்டினார். இது என்னவென்று கேட்டதற்கு “ஜீப்” என்றார், நாளிதழில் அது அச்சேறியது. சொல் நாடெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

வில்லிஸ் எது, ஃபோர்டு எது என்று பிரித்தறிவதே இந்த வண்டிப் பிரியர்களுக்கு ஒரு தனி இன்பம். ஃபோர்டு தான் செய்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ‘எஃப்’ என்ற எழுத்தைக் குத்தி அனுப்பியது. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, அந்த எழுத்தைத் தேடுவார்கள். முன்விளக்கு இன்னொரு அதிசயம். ஒரு திருகைத் தளர்த்தினால் விளக்கு அப்படியே பின்பக்கம் கவிழ்ந்து எஞ்சின் மீது வெளிச்சம் அடிக்கும். இருட்டில் காட்டுக்குள் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று யோசித்தவன் செய்த வேலை அது.

அந்த ஃபோர்டின் பெயர் நமக்குப் புதிதா என்ன? சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை 1941இல் திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். இன்று அது காட்சிக்கூடம்.

லேண்ட் ரோவர் ஜீப்பின் பிள்ளை என்றே சொல்லலாம். வேல்ஸ் பக்கம் ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் மோரிஸ் வில்க்ஸ் ஒரு பழைய போர்க்கால ஜீப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ரோவர் நிறுவனத்தின் பொறியாளர் அவர். 1947இல் செய்து பார்த்த முதல் மாதிரிக்கு ஜீப்பின் அடிச்சட்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. போருக்குப் பிறகு எஃகுத் தட்டுப்பாடு, அதனால் உடம்புக்கு அலுமினியக் கலவை. நம் ஈரக்காற்றில் அந்த உடம்பு துருப்பிடிக்காது. எஃகால் ஆன அடிச்சட்டம் பிடிக்கும். எனவே பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்க்காமல் முதலில் அடியில் படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்.

இந்த வண்டிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1955 செப்டம்பர் 1ஆம் தேதி ஆறு மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து தரைவழியே புறப்பட்டார்கள். வண்டிகளின் பெயர் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ். 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். ஆக்ஸ்ஃபர்ட் பின்னாளில் செயின்ட் ஹெலினா தீவில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை மீட்டுப் புதுப்பித்து, 2019 ஆகஸ்ட்டில் இங்கிருந்து லண்டனுக்கு அதே வண்டியை ஓட்டிப் போனார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து வண்டி தன் வீட்டுக்குத் திரும்பிய கதை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இங்கே சட்டம் ‘விண்டேஜ்’ என்று ஏற்பது 1940 ஜனவரி 1க்கு முன் செய்த வண்டியை. முதல் ஜீப் பிறந்தது அதே ஆண்டு செப்டம்பரில், ஆகவே எந்த ஜீப்பும் அதில் சேராது. 35 வயது நிரம்பிய ‘கிளாசிக்’ வரிசையில்தான் அதற்கு இடம்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘சீப்’ என்று எழுதினால் தலை வாரும் சீப்பும் வாழைச் சீப்பும் குறுக்கே வந்து நிற்கும். ‘வல்லுந்து’ எனலாம், ஆனால் வலிமை லாரிக்கும் உண்டு, கிரேனுக்கும் உண்டு. இந்த வண்டியின் தனிக்குணம் அது போகிற நிலம். கரடுமுரடு என்கிறோமே, அந்தக் கரடு பாறையும் மேடுமான நிலம். முரடு ‘முரட்டுக் காளை’ ஆவது போலக் கரடு ‘கரட்டு’ ஆகும். கரட்டோணான் என்ற பிராணியை ஊரில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. கரட்டு ஓணான் கரட்டோணான். கரட்டு ஊர்தி கரட்டூர்தி.

பேருந்து, மகிழுந்து வரிசையில் ‘கரட்டுந்து’ என்று ஏன் சொல்லக் கூடாது என்று நண்பர் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் மனம் மாறியது. வண்டி, தெரிந்த அண்ணன் ஒருவரின் சீரீஸ் 3 லேண்ட் ரோவர். கியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பிடிகள், ஒன்றின் தலை மஞ்சள், மற்றதன் தலை சிவப்பு. மஞ்சளை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் விசை போகும். மழை பெய்து செம்மண் சறுக்கிய இறக்கத்தில் வண்டியை நிறுத்தி, அண்ணன் சிவப்புப் பிடியைப் பின்னால் இழுத்தார். “இப்ப பிரேக்கையும் தொடாத, கிளட்ச்சையும் தொடாத தம்பி” என்றார். வண்டி எறும்பு போல இறங்கியது. பக்கத்தில் நடந்து வந்தவர் எங்களை முந்திப் போனார். அதற்குப் பெயர் ஊர்தல்! உந்து என்றால் தள்ளுவது. இந்த வண்டியின் சிறப்பு தேவைப்படும்போது மெல்ல ஊர்வது. ஊர்தி பழஞ்சொல்லும்கூட. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டிலேயே இருக்கிறது.

அதே புறநானூற்றில் 102ஆம் பாட்டு ஔவையாருடையது. உப்பு வணிகரான உமணர் பாரம் ஏற்றிய வண்டியோடு புறப்படுகிறார்கள். ‘அவல் இழியினும், மிசை ஏறினும்’, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன நேருமோ யார் அறிவார் என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். அதன் பெயர் ‘சேம அச்சு’. கரட்டூர்தியின் முதுகில் தொங்கும் டயருக்கு நாம் வேறு பெயர் தேட வேண்டாம், ‘சேமச் சக்கரம்’ போதும். ஜீப் என்ற பெயரை வில்லிஸ், ஃபோர்டு வழி வந்த வண்டிக்கே விட்டுவிடலாம். ‘அண்ணனிடம் ஒரு கரட்டூர்தி இருக்கிறது, லேண்ட் ரோவர்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் இடறாது.

அண்ணனிடம் இந்த இரண்டு சொற்களையும் சொன்னேன். பாட்டை எழுதித் தரச் சொன்னார். அடுத்த முறை போனபோது டயர் உறையின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’ என்று இருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல், அவரே எழுதியது.