எண்டெமிக்: ஓரிட வாழ்வி

காட்டுயிர்ச் செய்திகளில் அடிக்கடி வரும் 'எண்டெமிக்' என்ற சொல்லைப் பலர் 'அரிய வகை' என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. எத்தனை இருக்கின்றன என்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. இயற்கையாக ஒரு நிலப்பகுதியில் மட்டுமே வாழ்ந்து, உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினம் எண்டெமிக். கூட்டம் கூட்டமாகத் திரிந்தாலும் அப்படித்தான்.

கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'டெமோஸ்' என்றால் மக்கள் அல்லது அவர்களின் நாடு. கொரோனா காலத்தில் அடிபட்ட எண்டெமிக்குக்கும் இதே வேர்தான். ஆனால் அங்கே அது ஓரிடத்தில் நிலைத்துவிட்ட நோயைக் குறிக்கும். அந்த நோய் வேறு இடங்களிலும் இருக்கலாம்.

தமிழில் 'அகணிய உயிரி', 'ஓரிட வாழ்வி' இரண்டும் புழங்குகின்றன. கேட்டவுடன் விளங்குவதால் என் ஓட்டு இரண்டாவதற்கு. 'உள்ளூர் இனம்' என்பது வேறு. நாவல் நம் மண்ணின் மரம்தான், ஆனால் இலங்கையிலும் மியான்மரிலும் வளர்கிறது.

எந்த இடத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீலகிரி வரையாடு பெயரில்தான் நீலகிரிக்காரர். நீலகிரியின் முக்கூர்த்தியில் மட்டுமல்ல, ஆனைமலையிலும் மூணாறு பக்கம் இரவிகுளத்திலும் உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிட வாழ்வி.

சோலைக்கிளியின் கதை இன்னும் சுவையானது. ஊட்டிப் பக்கச் சோலைகளில், அதாவது மலை மடிப்புகளில் உள்ள குளிர்ந்த காடுகளில், புதரடியில் தத்தித் திரியும் இந்த நீலக் குருவிக்கு விலாப்புறம் செம்பழுப்பு. கொடைக்கானல் சோலையில் இருப்பதற்கு வயிறு வெள்ளை. நடுவே பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த சோலையை விட்டு வெளியேறாத பறவை அந்த வெக்கையான தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. இரு பக்கத்துப் பறவைகளும் இணை சேராததால் மரபணுக்கள் கலக்கவில்லை. காலப்போக்கில் இரண்டும் தனித்தனி இனங்களாயின. 2017இல் இவற்றுக்கென்று 'ஷோலிகோலா' என்ற பேரினத்தையே (நெருங்கிய இனங்களின் தொகுதி) ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். நம் 'சோலை'யோடு, வசிப்பது என்ற பொருள்தரும் லத்தீன் ஒட்டு! (பச்சைக்கிளிக்கும் இதற்கும் உறவில்லை. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை.)

ஓரிட வாழ்விக்கு இடம் போனால் மாற்றிடம் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்திலும் அதன் பிறகும் மலைப் புல்வெளிகளில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நடப்பட்டன. புல்வெளியை நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கு இடம் சுருங்கியது. சோலைக்குள் போய்ப் பிழைக்க அதற்குத் தெரியாது.

அந்தச் சீகையும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓரிட வாழ்விதான். இங்கே அதற்குப் பெயர் அயல் ஊடுருவி.