ஏரோசால் ஃபயர் சிஸ்டம் மாட்டறதுக்கு முன்னாடி: விதி என்ன சொல்லுது, உள்ள இருக்கற ஆளுக்கு என்ன பாதுகாப்பு

சர்வர் ரூம், எலெக்ட்ரிகல் பேனல் ரூம், ரெக்கார்டு ரூம், கப்பல் இன்ஜின் ரூம்னு மூடின இடத்துக்கு நிறைய பேர் இப்ப ஏரோசால் சிஸ்டம் (தீ வந்தா பொடிப் புகையைக் கக்கி அணைக்கற கருவி) கேக்கறாங்க, காரணம் பெரிய சிலிண்டர் வேணாம், பைப் இழுக்க வேணாம், சுவத்துல ஒரு டப்பாவ மாட்டி ஒயர் குடுத்தா வேலை முடிஞ்சுதுன்னு ஒரு நினைப்பு. மாட்டறது ஈஸிதான். ஆனா 2016 மார்ச் 13 ராத்திரி பாங்காக்ல ஒரு பேங்க் தலைமை அலுவலகத்துல தீயணைப்பு சிஸ்டத்தை மேம்படுத்தற வேலை நடந்துட்டிருந்தப்ப ஏரோசால் ரிலீஸ் ஆகி 8 பேர் இறந்துட்டாங்க, அங்க தீயே பிடிக்கல. அதனால இந்த சிஸ்டத்தைப் பத்தி பேசும்போது தீ எப்படி அணையும்ங்கறதை விட, வேலை செய்யற ஆள் உள்ள இருக்கறப்ப அது எப்படி ரிலீஸ் ஆகாம இருக்கும்ங்கறதைத்தான் நான் முதல்ல கேப்பேன்.

டப்பாவுக்கு உள்ள என்ன இருக்குன்னா, பொட்டாசியம் நைட்ரேட் மாதிரி உப்பும் ஒரு பிசினும் சேர்ந்த கெட்டியான கட்டி. இக்னைட்டர்ங்கற மின்சாரத் திரி பத்த வெச்சா அந்த கட்டி எரிஞ்சு, பொட்டாசியம் கார்பனேட் துகள் ரொம்ப பொடியா, 10 மைக்ரானுக்கும் கீழ, புகை மாதிரி ரூம் முழுக்க பரவும், நெருப்போட தொடர் வினையை அது அறுத்துடும். இந்த டப்பாவ துறைல "ஜெனரேட்டர்"னு சொல்லுவாங்க, கரண்ட் ஜெனரேட்டர்னு குழப்பிக்காதீங்க. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஓசோனை கெடுக்கற ஹாலான்ங்கற தீயணைப்பு வாயுவை நிறுத்த வேண்டி வந்துச்சு, அதுக்கு மாத்தா வந்த முறைகள்ல இதுவும் ஒண்ணு.

விதின்னு பாத்தா முக்கியமா அமெரிக்க தீ பாதுகாப்பு சங்கத்தோட என்எஃப்பிஏ 2010 (2010ங்கறது வருஷம் இல்ல, விதி நம்பர்), சர்வதேச அளவுல ஐஎஸ்ஓ 15779, ஐரோப்பாவுல இஎன் 15276, கப்பல் இன்ஜின் ரூமுக்கு ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) போட்ட 1270ங்கற சர்குலர். உங்க ஊர் தீயணைப்புத் துறை எதை ஏத்துக்குதுன்னு எழுத்துல வாங்கிட்டுதான் ஆரம்பிக்கணும். விக்கறவர் காட்டற சர்டிஃபிகேட்ல ஆள் புழங்கற இடத்துக்கு அனுமதி இருக்கா, இல்ல ஆள் இல்லாத இடத்துக்கு மட்டுமான்னு அந்த வரியைத் தேடிப் படிங்க, நிறைய மாடலுக்கு ஆள் இல்லாத இடம் மட்டும்தான்.

எங்க போடக்கூடாதுன்னும் விதி தெளிவா சொல்லுது. மெக்னீசியம், சோடியம், டைட்டானியம் மாதிரி உலோகத் தீ, வெடிமருந்து மாதிரி தனக்குள்ளயே ஆக்சிஜன் வெச்சிருக்கற பொருள், இதுக்கெல்லாம் ஆகாது. வெடிக்கற வாயு சேர்ற இடத்துல, அதுக்குன்னே தனி ஒப்புதல் வாங்கின மாடல் இல்லேன்னா வேணவே வேணாம், ஏன்னா இந்த டப்பாவே சூடா கக்கற ஒண்ணு. லித்தியம் பேட்டரி இருந்தா வெளிய தெரியற சுவாலை அடங்கலாம், செல்லுக்குள்ள ஓடற சூடு நிக்காது, அதையும் தெரிஞ்சுக்கங்க.

கணக்கு சிம்பிள்தான், ஆனா தப்பு பண்ணறதும் இங்கதான். 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர்னா 60 கன மீட்டர். கம்பெனி டெஸ்ட்ல தீ அணைஞ்ச அளவு கன மீட்டருக்கு 50 கிராம்னு வெச்சுக்கங்க, பாதுகாப்புக்குக் கூடுதலா அதை 1.3ஆல பெருக்கணும், 65 ஆச்சு, மொத்தம் 3,900 கிராம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல திறந்திருந்தா அந்த இடமும் கணக்குல வரணும். அப்புறம் ஏரோசால் பொதுவா குறைஞ்சது 10 நிமிஷமாச்சும் ரூம்ல நிக்கணும், அதனால கேபிள் நுழையற ஓட்டை, கதவு இடுக்கு எல்லாம் அடைச்சுட்டு டோர் ஃபேன் டெஸ்ட் (கதவுல ஃபேன் மாட்டி ரூம் எவ்வளவு கசியுதுன்னு பாக்கறது) பண்ணச் சொல்லுங்க, ரிலீஸுக்கு முன்னாடியே ஏசி தானா நிக்கற மாதிரியும் டேம்பர் (காத்து வழியை மறைக்கற தகடு) தானா மூடற மாதிரியும் கன்ட்ரோல் பேனல்ல கட்டணும்.

டப்பாவோட வாய் எந்தப் பக்கம் பாக்குதுங்கறது ரொம்ப முக்கியம். மேனுவல்ல மூணு தூரம் குடுத்திருப்பாங்க: மனுஷன் இருக்கற பக்கம் சூடு 75 டிகிரிக்கு மேல போகாத தூரம், எரியக்கூடிய பொருளுக்கு 200 டிகிரி, கட்டடப் பாகத்துக்கு 400 டிகிரி. நான் ஒரு சர்வர் ரூம்ல பாத்தேன், டப்பா வாய்க்கு நேரா ஒரு ஜாண் தூரத்துல கேபிள் ட்ரே ஓடுது, மாட்டினவர் கிட்ட கேட்டா சுவத்துல வேற இடம் இல்லேங்கறார். அது ரிலீஸ் ஆகியிருந்தா அணைக்க வந்ததே அந்த கேபிளைப் பத்த வெச்சிருக்கும். சொல்லி வேற சுவத்துக்கு மாத்த வெச்சேன்.

ஒயரிங்ல இக்னைட்டரைத்தான் கடைசியா கனெக்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒரு பல்போ டம்மி லோடோ மாட்டி, தீயை உணர்ற ரெண்டு டிடெக்டரும் தனித்தனியா அடிச்சப்புறம்தான் சிக்னல் வருதா, சைரன் கேக்குதா, வெளிய போக குடுத்த நேரம் உண்மைலயே போதுமான்னு ஒருத்தரை உள்ள மூலைல நிக்க வெச்சு நடக்கச் சொல்லி பாருங்க. பல்ப் எரிஞ்சது சரியான நேரத்துலதான்னு உறுதியானா, பேனலை ரீசெட் பண்ணி, ஒயர்ல வோல்டேஜ் இல்லேன்னு மீட்டர் வெச்சு பாத்துட்டு அப்புறம் கனெக்ட் பண்ணுங்க.

அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள டிரில் போடணும், பெயிண்ட் அடிக்கணும், டிடெக்டர் கழுவணும், எதுவா இருந்தாலும் முதல்ல ஐசோலேட் பண்ணணும், அதாவது ரிலீஸ் ஆகாதபடி துண்டிக்கணும். பேனல் மெனுக்குள்ள போய் டிசேபிள் பண்ணினா போதாது, ரிலீஸ் லைனை நிஜமாவே வெட்டற சாவி ஸ்விட்ச் வேணும், அந்த சாவி உள்ள வேலை செய்யறவர் பாக்கெட்ல இருக்கணும். சூட்டுல தானா ரிலீஸ் ஆகற மாடல்னா ஸ்விட்ச் அதைத் தடுக்காது, வெல்டிங் வேலைக்கு கம்பெனி ஆளை கூப்பிட்டு டப்பாவையே கழட்டணும். காண்ட்ராக்டருக்கு இதை வாயால சொன்னா பத்தாதுங்க, வேலை பர்மிட்ல எழுதி கையெழுத்து வாங்குங்க, கதவுல உள்பக்கமும் வெளிப்பக்கமும் எச்சரிக்கை போர்டு அவங்க படிக்கற மொழில இருக்கணும், கதவு சாவி இல்லாம உள்ளேர்ந்து வெளிய தள்ளித் திறக்கணும்.

தப்பித்தவறி ரிலீஸ் ஆயிட்டா கண்ணு முன்னாடி கை தெரியாது, கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவும் இருக்கும், உள்ள மாட்டினவரை காப்பாத்தறேன்னு துணியை மூக்குல கட்டிட்டு ஓடாதீங்க, மூச்சுக் கருவி போட்ட தீயணைப்பு ஆள்தான் போகணும். டப்பா கொஞ்ச நேரத்துக்கு கொதிச்சுட்டு இருக்கும், தொடக்கூடாது. படிஞ்ச வெள்ளைப் பொடி ஈரத்தை இழுத்து போர்டை அரிக்கும், காத்தோட்டம் விட்டு முடிஞ்சதும் அன்னிக்கே சுத்தம் பண்ணிடுங்க, ரிலீஸ் ஆன டப்பாவ ரீஃபில் பண்ண முடியாது, புதுசுதான் மாட்டணும், அது வர்ற வரைக்கும் அந்த ரூமுக்கு வேற தீயணைப்பு ஏற்பாடும் ஒரு காவல் ஆளும் போடுங்க.