சைலன்சரை வெட்டினால் இழுவை கூடுமா?

மேட்டுப்பாளையத்தில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் வரும் பழைய டீசல் பிக்கப்புகளைப் பாருங்கள். பர்லியார் தாண்டி மேலே போகப் போகப் புகை கறுக்கும், வண்டி முக்கும். "சைலன்சர் அடைச்சிருக்குண்ணே, வெட்டிட்டு நேர்க்குழாய் போட்டுருங்க" என்று யோசனை சொல்லவும் ஆள் இருப்பார்கள். பெரும்பாலும் அது நோய் ஓரிடம், வைத்தியம் வேறிடம்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். கரி வராமலிருக்க அதற்கு மேலும் வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்புகள் பலவற்றில் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி கிடையாது. கீழே அடித்த அளவையே மேலேயும் அடிக்கும். காற்று போதாமல் மிஞ்சுகிற கரிதான் அந்தக் கறும்புகை. குறை உள்ளே வரும் காற்றில் இருக்கும்போது, வெளியேறும் குழாயை வெட்டி என்ன பயன்? முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

டர்போ வண்டி ஓரளவு சமாளிக்கும். வெளியேறும் சூடான வாயு டர்பைனைச் சுழற்ற, மறுபக்கச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதனால் டர்போவுக்கு முன்னால் அந்த வாயு ஒழுகினால் இழுவை போகும். பின்னால் ஒழுகினால் சத்தமும் கேபினுக்குள் புகை நெடியும்தான். அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

முன்பக்க ஒழுகலுக்கு நல்ல அடையாளம் உண்டு. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் சூடேறினால் அடங்கிவிடும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதுதான் காரணம். டார்ச் அடித்துப் பார்த்தால், இன்ஜின் புகையைத் திரட்டி வெளியே விடும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு) ஓரத்தில் விசிறிபோல் கரி படிந்திருக்கும். அங்கே ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் திருகாணி) உடைந்தோ தளர்ந்தோ இருக்கலாம்.

பின்பக்கக் குழாய் ஓட்டை விழுவதற்குத் தண்ணீரே முக்கியக் காரணம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது! தோட்டத்திலிருந்து மண்டிவரை மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே நீராகித் தாழ்வான மூலையில் தேங்கும். துரு அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும்.

ஒட்டுப்போடும்போது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டாம். வெல்டிங் சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெல்லோஸ் (குழாயின் நடுவே வளைந்து கொடுக்கும் மடிப்புத் துண்டு) கிழிந்திருந்தால் அந்த இடத்தில் கெட்டிக் குழாய் வைத்து ஒட்டவே கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் பெல்லோஸ் வாங்காவிட்டால் விரிசல் மேனிஃபோல்டுக்குப் போய்விடும்.

சைலன்சர் இல்லாமல் ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதி 120-க்குப் புறம்பானது. கல்லாறு பக்கம் யானை நடமாடும் காட்டுக்குள் அந்த அலறல் எனக்குச் சம்மதமில்லை.

புது கேஸ்கெட் போட்டபின் ஒருமுறை மலையேறி இறங்கி, வண்டி நன்றாக ஆறியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். கேஸ்கெட் சூட்டில் அமுங்கும். முதல் நாள் இறுக்கம் மறுநாள் இருக்காது.